ஒரு வண்டு எப்போது புதிய சிற்றினம் ஆகிறது?

வெப்பமண்டலக் காட்டில் புதிய வண்டு கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, ஆய்வாளர் ஒருவர் காட்டுக்குள் நடந்துபோய், ஓர் இலையைப் புரட்டி, இதுவரை எவரும் காணாத ஒன்றைக் கண்டு வியந்து நின்றார் என்பது போன்ற காட்சிதான் பெரும்பாலோர் மனத்தில் எழும். உண்மையில் அந்த வண்டு பல ஆண்டுகளுக்கு முன்பே பிடிபட்டு, ஊசியில் ஏற்றப்பட்டு, ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் பெயரில்லாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஓர் உயிரினத்தின் முதல் மாதிரி சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து அது முறைப்படி விவரிக்கப்படும் நாள்வரை சராசரியாக 21 ஆண்டுகள் கழிகின்றன என்று 2012இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டுக் காட்டியது. அத்தனை ஆண்டுகளும் வண்டு அதே ஊசியில்தான் இருக்கிறது. அதைப் பிற வண்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாட்டை எழுத்தில் நிறுவ ஒருவர் வந்து சேர்வதற்குத்தான் அவ்வளவு காலம் பிடிக்கிறது. அவர் செய்யும் வேலைக்கு வகைப்பாட்டியலில் சிற்றினத்தை விவரித்தல் என்று பெயர். அந்த வேலை என்ன, அதன் விதிகள் யாவை என்பதைக் கிளெரிடே என்ற வண்டுக் குடும்பத்தை முன்வைத்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆங்கிலத்தில் செக்கர்டு பீட்டில் என்று வழங்கும் கிளெரிடே குடும்பத்தினரை இங்கே கட்ட வண்டுகள் என்று குறிப்பிடுகிறேன். பலவற்றின் முதுகில் சிவப்பு, மஞ்சள், கருப்பு, நீலம் ஆகிய நிறங்கள் பட்டைகளாகவும் திட்டுகளாகவும் மாறி மாறி அமைந்து, கட்டம் போட்ட துணியை நினைவூட்டுவதால் இந்தப் பெயர் ஏற்பட்டது. ஒரே நிறத்தில் பளபளப்பவையும் இக்குடும்பத்தில் உண்டு என்பதால் பெயரை வைத்து எடைபோட முடியாது. இதுவரை பெயரிடப்பட்ட வண்டுச் சிற்றினங்கள் ஏறத்தாழ 4 லட்சம். அவற்றுள் கட்ட வண்டுகள் சுமார் 3,500. இவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில் வாழ்கின்றன. உடல் ஒடுங்கி நீண்டிருக்கும். மேலெல்லாம் நிமிர்ந்த மயிர்கள் அடர்ந்திருக்கும். நீளம் பெரும்பாலும் 5 முதல் 15 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

பெரும்பாலான கட்ட வண்டுகள் வேட்டையாடிகள். மரத்தைத் துளைத்து வாழும் வண்டுகளும் அவற்றின் புழுக்களுமே இவற்றின் முக்கிய இரை. ஐரோப்பிய ஊசியிலைக் காடுகளில் வாழும் தனாசிமஸ் ஃபார்மிகேரியஸ், மரப்பட்டையைக் குடையும் வண்டுகளைத் தேடித் தின்பதால் காட்டு மரங்களைப் பேணுவோர் நன்கறிந்த ஒன்று. ஆசியாவில் காணப்படும் டில்லாய்டியா நோட்டேட்டா, மூங்கிலைத் துளைத்துப் பொடியாக்கும் வண்டுகளை உண்கிறது. டிரைக்கோடஸ் ஏபியாரியஸின் புழு தேனீக் கூடுகளில் வளர்கிறது. பெயரின் பின்பகுதியே தேனீயைக் குறிப்பதுதான். கொப்பரையிலும் உலர்ந்த மீனிலும் உப்பிட்ட இறைச்சியிலும் காணப்படும் நெக்ரோபியா ரூஃபிபெஸ் என்ற சிவப்புக்கால் வண்டு, கப்பல் சரக்குகளோடு உலகம் முழுவதும் பரவிவிட்டது. எந்த வண்டு மரத்தைத் துளைப்பதைத் தின்கிறது, எந்த வண்டு சேமித்த பொருளைப் பாழாக்குகிறது என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவற்றைப் பிரித்தறியும் பெயர் தேவை. பெயரில்லாத உயிரினத்தைப் பற்றி ஒருவர் கண்டறிந்ததை இன்னொருவர் தேடி எடுக்க வழியே இல்லை.

ஒரு வண்டைச் சரியாக இனங்காணும் அறிவு மனித உயிரைக் காப்பாற்றிய வரலாறும் இக்குடும்பத்துக்கு உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1793இல், பாதிரியாராக இருந்த பியேர் ஆந்த்ரே லத்ரேய் அரசு கோரிய உறுதிமொழியை ஏற்காததால் சிறையில் அடைக்கப்பட்டார். போர்தோ நகரச் சிறையில் அவர் ஒரு சிறு வண்டைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கைதிகளைச் சோதிக்க வந்த மருத்துவர் கண்டார். அது மிக அரியது என்று லத்ரேய் சொன்னதும், மருத்துவர் அதை உள்ளூரில் இயற்கை ஆய்வில் ஈடுபட்டிருந்த இளைஞர் போரி த சேன் வேன்சானிடம் எடுத்துச் சென்றார். லத்ரேயின் எழுத்துகளை முன்பே அறிந்திருந்த அந்த இளைஞரின் முயற்சியால் லத்ரேய் விடுதலை பெற்றார். உடனிருந்த கைதிகள் பலர் உயிர் பிழைக்கவில்லை. அந்த வண்டு நெக்ரோபியா ரூஃபிகோலிஸ் என்ற கட்ட வண்டு. 1775இலேயே டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ் அதற்குப் பெயரிட்டிருந்தார். சிறையிலிருந்து மீண்ட லத்ரேய்தான் 1802இல் கிளெரிடே குடும்பத்தை முதலில் வரையறுத்தார். பூச்சியியல் படிப்போர் இந்தக் கதையை ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது பழையதாவதில்லை.

இனி, புதிய சிற்றினம் என்ற சொல்லின் பொருளைப் பார்க்கலாம். காட்டை ஒட்டி வாழும் மக்கள் அந்த வண்டைத் தலைமுறைகளாகப் பார்த்திருக்கலாம். தங்கள் மொழியில் அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கலாம். அறிவியலில் புதியது என்பதற்கு, இதுவரை முறைப்படி வெளியான எந்த விவரிப்பிலும் அது இடம்பெறவில்லை என்பது மட்டுமே பொருள். இந்த வரையறை எளிமையாகத் தோன்றினாலும், இதற்குள் ஒரு பெரும் சுமை இருக்கிறது. ஒரு வண்டு புதியது என்று சொல்பவர், அது சேர்ந்த பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதியில், இதுவரை விவரிக்கப்பட்ட ஒவ்வொரு சிற்றினத்தையும் பார்த்து, அவற்றில் எதுவும் இது இல்லை என்று காட்டக் கடமைப்பட்டவர். ஆகவே புதியதை நிறுவும் வேலையில் பெரும்பகுதி பழையதைப் படிப்பதிலேயே கழிகிறது.

தொடக்கம் பெரும்பாலும் ஒரு சிறு முக்கோண அட்டைத் துண்டில் இருக்கிறது. கட்ட வண்டுகள் சிறியவை என்பதால் ஊசியை உடலிலேயே குத்தாமல், அட்டைத் துண்டின் கூர்முனையில் பசையிட்டு வண்டை ஒட்டி, அட்டையை ஊசியில் ஏற்றுவது வழக்கம். ஊசியில் வண்டுக்குக் கீழே சிறு காகிதச் சீட்டுகள் இருக்கும். எந்த நாடு, எந்தக் காடு, எத்தனை மீட்டர் உயரம், எந்த நாள், யார் சேகரித்தார், எந்த முறையில் பிடித்தார் ஆகிய விவரங்களை அவை தாங்கியிருக்கும். காய்ந்த கிளையைத் தட்டி, கீழே விரித்த துணியில் விழுந்ததை எடுத்தார்களா, இரவில் விளக்குக்கு வந்ததா, கூடாரம் போன்ற வலைப்பொறியில் சிக்கியதா என்பதெல்லாம் வண்டின் வாழ்க்கையைப் பற்றிய தடயங்கள். புதிதாக வெட்டிய மரத்தில் துளைக்கும் வண்டுகள் வந்து கூடுவதால், அவற்றை வேட்டையாடும் கட்ட வண்டுகளும் அங்கே வரும். வெட்டுமரத்தில் பிடித்தது என்ற ஒரு வரி சீட்டில் இருந்தால் அது மிகப் பயனுள்ள செய்தி. சீட்டை இழந்த வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு ஏறக்குறைய பயனற்றது.

இப்போது அந்த வண்டை நுண்ணோக்கியின் கீழ் வைப்போம். வெறுங்கண்ணுக்கு ஒரு கருஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது, 20 மடங்கு பெரிதானதும் வேறோர் உருவம் கொள்கிறது. தலை அகன்று, கூட்டுக்கண்கள் பக்கவாட்டில் புடைத்து நிற்கின்றன. கண்ணின் உள்விளிம்பில், உணர்கொம்பு முளைக்கும் இடத்தருகே, நகத்தால் கிள்ளி எடுத்தது போன்ற ஒரு குழிவு இருக்கிறது. உணர்கொம்பின் கடைசிக் கணுக்கள் சில வண்டுகளில் கதாயுதம்போல் பருத்திருக்கின்றன. சிலவற்றில் ரம்பப்பல் போல் நீண்டிருக்கின்றன. வாயருகே உள்ள சிறு உணர்விரல்களின் கடைசிக் கணு கோடரி வடிவில் விரிந்திருக்கலாம். மேல்சிறகு என்று அழைக்கப்படும் கெட்டியான முன்சிறகுகளில் சிறு குழிகள் வரிசை பிடித்து ஓடுகின்றன. அந்த வரிசைகள் சிறகின் நுனிவரை செல்கின்றனவா, பாதியிலேயே மறைந்துவிடுகின்றனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தைச் சற்றுச் சாய்த்தால் மயிர்கள் இரண்டு வகையாகப் பிரிந்து தெரிகின்றன: நீண்டு நிமிர்ந்தவை, குட்டையாகப் படிந்தவை. பாதக் கணுக்களின் அடியில் மெல்லிய சவ்வு மடல்கள் இருக்கின்றன. கட்ட வண்டுகளை இனங்காண உதவும் குறிப்பிடத்தக்க அடையாளங்களுள் இந்த மடல்களும் ஒன்று. இவை ஒவ்வொன்றையும் அளந்து, வரைந்து, எண்ணிக் குறித்துக்கொள்வதுதான் விவரிப்பின் முதற்படி.

கற்பவர் பெரும்பாலும் நிறத்தில்தான் ஏமாறுகிறார். கட்ட வண்டுகளில் பல, எறும்புகளையும் கொட்டும் இயல்புடைய சிறகற்ற பெண் குளவிகளையும் சுவையற்ற பிற வண்டுகளையும் போலத் தோற்றம் கொண்டு எதிரிகளிடமிருந்து தப்புகின்றன. ஒரே காட்டில், ஒரே குளவியைப் பார்த்து ஒப்பனை செய்துகொண்டது போல, நெருங்கிய உறவில்லாத இரண்டு மூன்று வண்டுகள் ஒரே வண்ணக் கோலத்தில் இருக்கக்கூடும். மறுபுறம், ஒரே சிற்றினத்திலேயே நடுப்பட்டை அகலமாகவும் குறுகியும், சிலவற்றில் இல்லாமலேயும் போகக்கூடும். பழைய காலத்தில் நிறத்தை மட்டும் நம்பி எழுதப்பட்ட பெயர்களில் கணிசமானவை பின்னர் கைவிடப்பட்டதற்கு இதுவே காரணம். எனவே, நிறம் தவிர வேறொன்றும் மாறாத வண்டைப் புதியது என்று அறிவிப்பதற்கு முன் ஆய்வாளர் நெடுநேரம் தயங்க வேண்டும். தயங்குவதுதான் நல்ல பழக்கம் என்பது என் கருத்து.

ஐயத்தைத் தீர்க்கப் பெரும்பாலும் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பார்ப்பார்கள். நெருங்கிய சிற்றினங்களுக்கு இடையே வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும், இந்த உறுப்பின் வடிவம் விரைவாகப் பரிணமிப்பதால் தெளிவாக மாறுபட்டிருக்கும். உலர்ந்த வண்டை வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து இளக்கி, நுண்ணிய ஊசிகளின் உதவியால் வயிற்றுப் பகுதியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டால் தசையும் கொழுப்பும் கரைந்து, கைட்டின் என்ற கெட்டியான பொருளாலான கூடு மட்டும் தேனிறத்தில் எஞ்சும். வண்டே 8 மில்லிமீட்டர் என்றால், இந்த உறுப்பு அதைவிட எத்தனையோ மடங்கு சிறியது. மூச்சை வேகமாக விட்டாலே பறந்துவிடும் அளவு. அதைக் கிளிசரின் துளியில் மிதக்கவிட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, முதுகுப்புறம், பக்கவாட்டு, வயிற்றுப்புறம் என்று வரைகிறார்கள். வேலை முடிந்ததும் அதைத் தூக்கி எறிவதில்லை. கிளிசரின் நிறைந்த சின்னஞ்சிறு குப்பியில் இட்டு, அந்த வண்டின் ஊசியிலேயே கீழே கோத்து வைக்கிறார்கள். 100 ஆண்டுகள் கழித்து வருபவரும் அதே உறுப்பை எடுத்துப் பார்த்து, முன்னவர் வரைந்தது சரியா என்று சோதிக்கலாம்.

ஒப்பீட்டின் மறுபாதி நூலகத்தில் நடக்கிறது. வெப்பமண்டலக் கட்ட வண்டுகளில் பல 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இருந்தபடியே விவரிக்கப்பட்டவை. பெர்லினில் இருந்த க்ளூக் 1842இலும், இத்தாலியரான ஸ்பினோலா 1844இலும் இக்குடும்பத்தைப் பற்றிய பெரும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். கோர்ஹம் என்ற ஆங்கிலேயர் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியச் சிற்றினங்கள் பலவற்றை விவரித்தார். கோர்போரால் 1950இல் வெளியிட்ட உலகப் பட்டியல் இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய நூல். பழைய விவரிப்புகள் சில, லத்தீன் மொழியில் மூன்று நான்கு வரிகளோடு முடிந்துவிடும்: கருப்பு, மயிரடர்ந்தது, மேல்சிறகில் இரண்டு மஞ்சள் பட்டைகள், வாழிடம் ஜாவா. இந்த வரிகளுக்குப் பத்து வெவ்வேறு வண்டுகள் பொருந்தும். அன்று அறியப்பட்டிருந்த ஓரிரு வண்டுகளிலிருந்து பிரித்துக்காட்ட அவ்வளவு போதுமானதாக இருந்தது, இன்று போதாது. அந்த ஆசிரியர் எந்த வண்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை எழுதினாரோ அந்த வண்டையே தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் வகைப்பாட்டியலின் மிக முக்கியமான ஏற்பாடு வருகிறது. ஒரு சிற்றினத்தின் பெயர் ஒரு குறிப்பிட்ட தனி மாதிரியோடு என்றென்றைக்குமாகப் பிணைக்கப்படுகிறது. அந்த மாதிரிக்கு ஹோலோடைப் என்று பெயர். பெயர் எதைக் குறிக்கிறது என்ற சந்தேகம் எப்போது எழுந்தாலும் தீர்ப்பு அந்த ஒரே வண்டிடம் இருக்கிறது. விவரிப்பில் எழுதியது பிழையாக இருக்கலாம், படம் தெளிவற்றதாக இருக்கலாம், ஆனால் ஹோலோடைப் எந்தச் சிற்றினத்தைச் சேர்ந்ததோ அதற்கே அந்தப் பெயர் உரியது. ஹோலோடைப் அந்தச் சிற்றினத்தின் சராசரி உருவமாகவோ சிறந்த உருவமாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நிலத்தின் எல்லையில் நட்ட கல்லைப் போல அது ஓர் அடையாளப் புள்ளி. நிலம் எவ்வளவு தூரம் விரிகிறது என்பதைப் பின்னால் வருபவர்கள் அளந்துகொள்ளலாம், ஆனால் கல் நகராது. விவரிப்பவர் அதே சிற்றினம் என்று கருதி உடன் சேர்த்த மற்ற மாதிரிகள் பாராடைப் எனப்படும். ஹோலோடைப்பின் ஊசியில் சிவப்புச் சீட்டு குத்துவது மரபு. இழுப்பறையைத் திறந்ததும் அந்தச் சிவப்பு கண்ணில் படும், கை தானாகவே நிதானமாகும்.

ஒற்றை மாதிரியை நம்பியிருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2018 செப்டம்பர் 2 அன்று பிரேசில் தேசிய அருங்காட்சியகம் தீப்பற்றி எரிந்தபோது, அங்கிருந்த பூச்சிச் சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது. ஹோலோடைப்புகளும் அதில் போயின. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் சிலவும் இத்தகைய இழப்பைச் சந்தித்தன. ஹோலோடைப் அழிந்து, பெயரைப் பற்றிய குழப்பமும் எழுந்தால், விதிகளுக்கு உட்பட்டு அதன் இடத்தில் நியோடைப் என்ற புதிய மாதிரியை நியமிக்கலாம். பாராடைப்புகளைப் பல நாடுகளின் அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்பும் வழக்கம் இத்தகைய நேரத்தில்தான் கைகொடுக்கிறது. ஒரே அலமாரியில் எல்லா மாதிரிகளையும் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது அறிவுடைமை ஆகாது.

ஒப்பீடு முடிந்து, வண்டு புதியதே என்ற முடிவுக்கு வந்தபின் எழுதத் தொடங்கலாம். விலங்குகளுக்குப் பெயரிடுவதை நெறிப்படுத்தும் சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, புதிய சிற்றினத்தின் பெயர் செல்லுபடியாகச் சில கட்டாயங்கள் உண்டு. இது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் பண்புகளை எழுத்தில் தர வேண்டும். பெயர் தாங்கும் மாதிரியைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். அது எந்த ஊரில் உள்ள எந்தச் சேகரிப்பில் இருக்கிறது, அல்லது வைக்கப்படும் என்பதைச் சொல்ல வேண்டும். இவை இல்லாமல் அழகான புகைப்படத்தையும் ஒரு லத்தீன் பெயரையும் செய்தித்தாளில் அச்சிட்டால், அந்தப் பெயருக்கு அறிவியலில் இருப்பே கிடையாது.

கட்டுரையில் இரண்டு பகுதிகளைக் கற்பவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று வேறுபடுத்துக் குறிப்பு. மற்றது முழு விவரிப்பு. முழு விவரிப்பு, தலை தொடங்கி வயிற்று நுனிவரை, வண்டின் உறுப்புகள் அனைத்தையும் வரிசையாகச் சொல்வது; இன்று பயனற்றதாகத் தோன்றும் செய்திகூட நாளை இன்னொரு சிற்றினம் கிடைக்கும்போது தேவைப்படலாம் என்பதால் அது நீண்டதாகவே இருக்கும். வேறுபடுத்துக் குறிப்பு சுருக்கமானது. இதுவரை அறிந்த உறவினர்களிடமிருந்து இதைப் பிரிப்பது எது என்பதை மட்டுமே அது சொல்லும். கற்பனையாக ஒன்றைச் சொன்னால், அது இப்படி இருக்கும்: இச்சிற்றினம், மேல்சிறகின் நடுப்பட்டை வெளிவிளிம்பைத் தொடாமல் நின்றுவிடுவதாலும், முன்மார்பு நீளத்தைவிட அகலம் குறைந்திருப்பதாலும், ஆண் உறுப்பின் பக்கமடல்கள் நுனியில் பிளவுபட்டிருப்பதாலும் இப்பேரினத்தின் பிற சிற்றினங்களிலிருந்து வேறுபடுகிறது. அழகானது, பெரியது, அடர்நிறம் கொண்டது போன்ற சொற்களுக்கு இங்கே வேலையில்லை; எதைவிடப் பெரியது, எவ்வளவு என்ற கேள்விக்குப் பதில் தராத சொல் வாசகருக்கு உதவாது. கட்டுரையைப் படிக்கும் ஒருவர், தம் கையிலுள்ள வண்டை வைத்துக்கொண்டு ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிகிறதா என்பதே வேறுபடுத்துக் குறிப்புக்கான சோதனை.

பெயர் சூட்டுவதுதான் செய்தியாளர்களுக்குப் பிடித்த பகுதி. வேலையின் அளவில் அது மிகச் சிறியது. 1758இல் வெளியான, ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸின் உயிரினப் பட்டியலின் பத்தாம் பதிப்பிலிருந்து விலங்குகளின் பெயர்கள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. பெயர் இரண்டு சொற்களால் ஆனது: பேரினம், அதையடுத்துச் சிற்றினத்தைக் குறிக்கும் சொல். பின்சொல் வண்டின் தோற்றத்தையோ, கிடைத்த இடத்தையோ, மதிக்கத்தக்க ஒருவரையோ குறிக்கலாம். தம் பெயரையே வண்டுக்குச் சூட்டுவதை விதி தடுக்காவிட்டாலும், நாகரிகம் தடுக்கிறது. பின்சொல் லத்தீன் பெயரடையாக இருந்தால், பேரினத்தின் பாலுக்கு ஏற்ப அதன் ஈறு மாற வேண்டும். முன்பு குறிப்பிட்ட மூங்கில் வண்டின் வேட்டையாடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. க்ளூக் 1842இல் அதை டில்லஸ் நோட்டேட்டஸ் என்று விவரித்தார், டில்லஸ் ஆண்பால். பின்னர் அது டில்லாய்டியா என்ற பெண்பால் பேரினத்துக்கு மாற்றப்பட்டதால் நோட்டேட்டா ஆயிற்று. இன்று அதன் பெயரை எழுதும்போது க்ளூக், 1842 என்பதை அடைப்புக்குறிக்குள் இடுகிறார்கள். ஆசிரியர் பெயரைச் சுற்றியுள்ள அந்த அடைப்புக்குறி வெறும் அலங்காரம் போலத் தோன்றினாலும், இந்தச் சிற்றினம் முதலில் வேறொரு பேரினத்தில் விவரிக்கப்பட்டது என்ற செய்தியைத் தாங்கி நிற்கிறது.

எழுதியதைப் பிற வல்லுநர்கள் படித்துத் திருத்தியபின் ஆய்விதழ் வெளியிடுகிறது. முன்பு அச்சில் வந்தால்தான் பெயர் செல்லும். 2012இல் விதி திருத்தப்பட்டு, ஜூபேங்க் என்ற பதிவேட்டில் முன்பதிவு செய்வது உள்ளிட்ட நிபந்தனைகளோடு மின்னிதழ்களும் ஏற்கப்பட்டன. வெப்பமண்டல நாடுகளிலிருந்து மாதிரிகளை எடுத்துச் செல்ல உரிய அனுமதி பெறுவதும் இன்று இவ்வேலையின் ஒரு பகுதி. உயிர்வளத்தைப் பெறுவதற்கும் பயனைப் பகிர்வதற்கும் 2010இல் உருவான நகோயா உடன்படிக்கை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. வண்டு வாழும் நாட்டிலேயே ஹோலோடைப்பை வைப்பதும், அந்நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதுவதும் நியாயமானவை என்றே நான் எண்ணுகிறேன். தன் காட்டு வண்டின் அடையாளத்தைப் பார்க்கக் கடல் கடந்து போக வேண்டிய நிலையில் ஒருவரை வைப்பது நல்ல ஏற்பாடு ஆகாது.

டிஎன்ஏ இருக்கும்போது இத்தனை மயிர் எண்ணுதல் எதற்கு என்ற கேள்வி எழலாம். 2003இல் முன்வைக்கப்பட்ட டிஎன்ஏ பட்டைக்குறி முறையில், சிஓஐ என்ற மரபணுவின் சுமார் 658 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியைப் படித்துச் சிற்றினங்களைப் பிரிக்க முயல்கிறார்கள். நிறத்தால் வேறுபட்ட ஆணும் பெண்ணும் ஒன்றே என்று காட்டவும், யாரும் வளர்த்துப் பார்க்காத புழுவைத் தாய்வண்டோடு இணைக்கவும் அது அரிய கருவி. ஆனால் 1842இல் ஊசியேறிய வண்டிலிருந்து முழுமையான மரபணுத் துண்டு கிடைப்பது கடினம். பழைய பெயர்கள் அனைத்தும் அத்தகைய வண்டுகளோடு பிணைந்திருப்பதால், அவற்றோடு ஒப்பிட உருவத்தைப் படிக்கும் கண் தேவைப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரிபார்ப்பதே இன்றைய நல்ல நடைமுறை.

வெளியான பெயர் இறுதித் தீர்ப்பு ஆகிவிடுவதில்லை. சிற்றினம் என்பது சான்றுகளோடு முன்வைக்கப்படும் ஒரு கருதுகோள். அடுத்தவர் அதை மறுக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் எகிப்திய மம்மிகளில் கிடைத்த கட்ட வண்டுகளுக்கு நெக்ரோபியா மம்மியாரம் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை கொப்பரையிலும் உலர்மீனிலும் வாழும் அதே நெக்ரோபியா ரூஃபிபெஸ் என்று தெரிந்தது. 1775இல் ஸ்வீடன் பூச்சியியலாளர் டி கீர் வைத்த பெயர் மூத்தது என்பதால் அதுவே நிலைத்தது; மம்மியின் பெயர் இளைய மறுபெயர் என்ற குறிப்போடு பட்டியலில் தங்கிவிட்டது. விசித்திரமான இடத்தில் கிடைத்தது என்பதாலேயே ஒரு வண்டு புதியதாகிவிடாது என்று கற்பவருக்குச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வண்டை நான் அறியேன்.

புதிதாக விவரிக்கப்பட்ட வெப்பமண்டலக் கட்ட வண்டுகளில் பலவற்றுக்கு, கட்டுரை வெளியாகும் நாளில், ஓர் ஆண் வண்டும் ஒரு சேகரிப்புச் சீட்டும் மட்டுமே சான்றாக இருக்கும். பெண் எப்படி இருக்கும், புழு எந்த மரத்தில் எந்தத் துளைப்பானைத் துரத்துகிறது, ஆண்டின் எந்தப் பருவத்தில் பறக்கிறது என்ற வரிகள் வெறுமையாக இருக்கும். ஆனால் இப்போது அந்த வெறுமைக்கு மேலே ஒரு பெயர் இருக்கிறது. வேறொரு நாட்டில், வேறோர் இழுப்பறையில், அடையாளம் தெரியாதவை என்று எழுதிய பெட்டியில் கிடக்கும் ஒரு வண்டை யாரேனும் எடுத்து, வேறுபடுத்துக் குறிப்பின் வரிகளோடு வைத்துப் பார்க்கலாம். நடுப்பட்டை விளிம்பைத் தொடவில்லை. முன்மார்பு நீளத்தைவிடக் குறுகியது. வயிற்றின் கடைசிக் கணுவைப் பார்த்தால் பெண். சீட்டில், புதிதாக வெட்டிய மரம் என்று பென்சிலால் எழுதியிருக்கிறது.